குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள்

குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் உள்ள குன்னூரில் 1918 முதல் 1958 வரை இயங்கிய உணவு ஆராய்ச்சி நிலையமாகும். பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையாகத் தொடங்கிய இது, 1928இல் தனி ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டது. 1969இல் அதன் பொன்விழாவின்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. உணவு விளையும் இடத்திற்கும் உண்ணும் வாய்க்கும் இடையில், அதாவது ஆலையிலும் அடுக்களையிலும், அதற்கு நேரும் மாற்றங்கள் ஒரு நாட்டின் நோய்களைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை இந்தியாவில் அளந்து காட்டிய முதல் நிலையங்களுள் இது ஒன்று. ஆலையில் தீட்டிய அரிசியைப் பற்றி அங்கே எழுந்த கேள்விகளே இன்று பொதிசெய்த உணவுகளில் உள்ள உப்பைப் பற்றி எழுகின்றன.

தோற்றம்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் அமைந்த குன்னூரில், தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடி மருத்துவத்திற்காகத் தொடங்கப்பட்டது. அமெரிக்கக் கொடையாளர் என்றி பிப்சு வழங்கிய நிதி அதற்குப் பயன்பட்டது. அந்நிறுவனத்தில் ஓர் அறையையும் ஓர் உதவியாளரையும் பெற்றுக்கொண்டு, 1918இல் இராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார்.

மெக்காரிசன் (1878–1960) அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் 1901இல் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில் உள்ள கில்கிட்டில் பணியாற்றியபோது முன்கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தார். அந்நோய் அசுத்தமான நீரால் பரவுகிறது எனக் கருதி, அத்தகைய நீரை வடிகட்டியபின் தங்கிய கசடைத் தாமே குடித்துச் சோதித்தவர் அவர். அவருடைய கருத்து பிற்காலத்தில் நிலைக்கவில்லை. இந்தியாவில் அந்நோய்க்கு முதன்மைக் காரணம் அயோடின் குறைபாடே எனத் தெளிவாயிற்று. அதைத் தெளிவாக்கியவர்களுள் ஒருவர் பின்னாளில் இதே குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தார் என்பது கீழே கூறப்படும்.

ஆய்வுக்கூடத்தின் தொடக்க ஆண்டுகள் நிலையற்றவை. போருக்குப் பிந்திய நிதி நெருக்கடியில் இஞ்சுகேப் பிரபு தலைமையிலான செலவுக் குறைப்புக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1923இல் விசாரணை நிறுத்தப்பட்டது. 1925இல் குறைபாட்டு நோய்கள் விசாரணை என்னும் பெயரில் மீண்டும் தொடங்கியது. 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்னும் பெயரைப் பெற்றபோது மெக்காரிசனே முதல் இயக்குநரானார். இதனை நடத்திய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் (1911) பின்னர் 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக மாறியது.

பெரிபெரியும் அரிசியும்

பெரிபெரி என்பது தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 குறைவதால் உண்டாகும் நோயாகும். கால்கள் மரத்துத் தளரும். சிலருக்கு உடல் வீங்கி இதயம் செயலிழக்கும். பச்சிளங் குழந்தைகளுக்கு வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போவதும் உண்டு. நெல்லில் இச்சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ளது. உரலில் குத்தும்போது தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு தங்கும். நீராவியால் இயங்கும் ஆலைகள் வந்தபின் அரிசி வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டது. தவிடும் முளையும் தனியே போயின.

இந்நோயை விளங்கிக்கொள்வதில் தமிழர் உணவுக்கு ஓர் இடம் உண்டு. மலாயாவில் ஆங்கிலேய மருத்துவர்கள் ஒரு வேறுபாட்டைக் கண்டனர். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் தீட்டிய பச்சரிசி உண்டு பெரிபெரியால் மடிந்தனர். அதே நாட்டில், அதே வெப்பத்தில் உழைத்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் நடத்திய சோதனையிலும், பச்சரிசி உண்டவர்களை நோய் தாக்கியது. புழுங்கல் அரிசி உண்டவர்கள் ஏறத்தாழ முழுமையாகத் தப்பினர்.

சென்னை மாகாணத்திற்குள்ளேயே இவ்வேறுபாடு காணப்பட்டது. வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கரையோர மாவட்டங்களில் ஆலைப் பச்சரிசி வழக்கமாதலால் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது பெரிதும் இல்லை. மெக்காரிசனும் வேதியியலாளர் நாரிசும் இச்சிக்கலை ஆராய்ந்து, இந்தியாவில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு பற்றிய அறிக்கையை 1924இல் வெளியிட்டனர். புறாக்களில் செய்த சோதனைகளைக் கொண்டு, உயிர்ச்சத்துக் குறைபாடு மட்டுமே பெரிபெரியை முழுமையாக விளக்கவில்லை என்னும் ஐயத்தையும் மெக்காரிசன் கொண்டிருந்தார். இந்த ஐயம் பின்னர் கைவிடப்பட்டது. தயமினை 1936இல் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க வேதியியலாளர் இராபர்ட் வில்லியம்சு, வடசர்க்காரை அடுத்த நெல்லூரில் பிறந்தவர் ஆவார்.

எலிச் சோதனைகள்

குன்னூருக்கு உலகப் பெயர் தேடித் தந்தவை மெக்காரிசனின் எலிகளே. வளர்ப்புக் கூட்டத்தைச் சேர்ந்த எலிகளுக்கு முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறிகள், வாரம் ஒருமுறை எலும்புடன் இறைச்சி என்னும் உணவு தரப்பட்டது. இது பஞ்சாபின் சீக்கியர் உணவை ஒட்டியது. இவ்வெலிகளிடையே நோய் ஏறத்தாழ அறவே காணப்படவில்லை என அவர் பதிவுசெய்தார்.

பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை வெவ்வேறு எலிக்கூட்டங்களுக்கு அளித்து வளர்ச்சியை ஒப்பிட்டார். சீக்கியர் உணவு உண்டவை மிக நன்றாக வளர்ந்தன. அரிசியை முதன்மையாகக் கொண்ட வங்காள, சென்னை உணவுகள் பட்டியலின் அடியில் நின்றன. இவ்வரிசையை மெக்காரிசன் அந்தந்த மக்களின் உடல்வலிமையோடு பொருத்திப் பேசினார். எலியின் எடையிலிருந்து மனித இனங்களின் ஆற்றலுக்குத் தாவும் இவ்வாதத்தில், போர்க்குணம் கொண்ட இனங்கள் என்னும் குடியேற்ற ஆட்சிக் காலக் கருத்தின் சாயல் உண்டு. எலிகளுக்குத் தரப்பட்டது தென்னிந்திய ஏழை மக்களின் உணவே என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பாலும் பருப்பும் கீரையும் போதிய அளவில் சேரும் சோற்றுணவை அச்சோதனை குறை கூறவில்லை.

இன்னொரு சோதனை இக்காலத்திற்கு நெருக்கமானது. ஒரு கூட்ட எலிகளுக்குச் சீக்கியர் உணவும், மற்றொரு கூட்டத்திற்கு இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ட உணவும் அளிக்கப்பட்டன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை மிகுந்த தேநீர், வேகவைத்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும், மலிவான டப்பா இறைச்சி, பழப்பாகு ஆகியன அவ்வுணவில் இருந்தன. முதற் கூட்டம் செழித்து அமைதியாக வாழ்ந்தது. இரண்டாவது கூட்டத்தின் எலிகள் வளர்ச்சி குன்றி, நுரையீரல் நோயும் குடல் நோயும் கண்டன. சுமார் 60 நாட்களுக்குப் பின் வலிமையற்றவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. இச்சோதனையை மெக்காரிசன் ஓய்வுபெற்ற மறு ஆண்டு, 1936இல், இலண்டனில் ஆற்றிய கேன்டர் சொற்பொழிவுகளில் விளக்கினார். தொழிற்சாலை உணவைப் பற்றிய பிற்கால எச்சரிக்கைகளுக்கு இது அடிக்கடி சான்று காட்டப்படுகிறது. ஆயினும் அவ்வுணவில் எந்தப் பொருள் எந்தத் தீங்கைச் செய்தது என்பதை அது தனித்துப் பிரித்துக் காட்டவில்லை.

கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் பி. விசுவநாத்துடன் இணைந்து, இயற்கை எருவும் இரசாயன உரமும் இட்ட நிலங்களில் விளைந்த தானியங்களின் சத்தையும் மெக்காரிசன் ஒப்பிட்டார். 1928இல் பள்ளி மாணவர்களுக்கான உணவு பற்றிய எளிய நூல் ஒன்றையும் எழுதினார்.

லூசி வில்சு

ஆங்கிலேயப் பெண் மருத்துவரான லூசி வில்சு 1929இல் சில மாதங்கள் குன்னூரில் தங்கி ஆராய்ந்தார். கருவுற்ற பெண்களுக்கு, குறிப்பாகப் பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்கு, வந்த கடும் இரத்தசோகையே அவருடைய ஆய்வுப் பொருள். மார்மைட் என்னும் ஈஸ்ட் சாறு அச்சோகையைக் குணப்படுத்துகிறது என 1931இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஃபோலிக் அமிலத்தின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது. கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இன்று வழங்கப்படும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது எனலாம்.

அயக்ராய்டு காலம்

1935இல் மெக்காரிசன் ஓய்வுபெற்றபின் வாலசு அயக்ராய்டு (1899–1979) இயக்குநரானார். இவர் உலக நாடுகள் சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் பணியாற்றியவர். எலிக்கூண்டிலிருந்து சமையலறைக்கு ஆய்வைக் கொண்டுவந்தவர் இவரே. இவருடைய குழுவினர் தென்னிந்தியச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, சமைப்பதற்கு முன் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் ஆகியவற்றை நிறுத்துப் பதிந்தனர். அயக்ராய்டும் பி. ஜி. கிருஷ்ணனும் 1937இல் வெளியிட்ட அளவாய்வு இவ்வகையில் முன்னோடியானது.

அதே ஆண்டில் இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்பைப் பட்டியலிடும் சுகாதார வெளியீடு எண் 23 வந்தது. கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் முதலியவற்றில் என்னென்ன சத்து எவ்வளவு உள்ளது என்பதை ஒரு விடுதிக் காப்பாளரோ சிறை அதிகாரியோ பார்த்து உணவுத் திட்டம் வகுக்கும்படி அது அமைந்தது. பல பதிப்புகள் கண்ட அந்நூலின் வழிவந்ததே, கோபாலனும் உடன்பணியாளரும் 1971இல் வெளியிட்ட பட்டியலும், 528 உணவுகளைக் கொண்ட 2017ஆம் ஆண்டின் இந்திய உணவுக் கூறுகள் அட்டவணையும். உணவுகளில் உள்ள நிக்கோட்டினிக் அமிலத்தை அளக்கும் முறையை இக்காலத்தில் குன்னூரில் எம். சுவாமிநாதன் உருவாக்கினார்.

இந்தியாவில் அரிசிச் சிக்கல்

அயக்ராய்டு, கிருஷ்ணன், பாசுமோர், சுந்தரராசன் ஆகியோர் 1940இல் வெளியிட்ட இவ்வறிக்கை ஆய்வுக்கூடத்தின் மிக முக்கியமான படைப்பாகக் கருதத்தக்கது. நெல் வயலிலிருந்து தட்டுக்கு வரும்வரை ஒவ்வொரு படியிலும் தயமின் எவ்வளவு எஞ்சுகிறது என்பதை அது பின்தொடர்ந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தில் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உட்பகுதிக்குள் செல்கிறது. காய்ந்தபின் அரிசி இறுகுவதால் அச்சத்து உள்ளேயே தங்குகிறது. ஆகவே ஆலையில் தீட்டினாலும் புழுங்கல் அரிசி அதனைப் பெருமளவு இழப்பதில்லை. பச்சரிசியோ தீட்டும்போது ஒருமுறை இழக்கிறது. சமைக்குமுன் களையும்போது எஞ்சியதில் பெரும்பகுதியைக் கழுநீரில் விடுகிறது. கஞ்சி வடிக்கும்போது மேலும் இழக்கிறது. புழுங்கல் அரிசி களைவதால் நேரும் இழப்பு இதனோடு ஒப்பிடச் சிறியது. மாட்டுத் தொட்டிக்குப் போகும் கழுநீரில் மனிதருக்குரிய மருந்து போய்க்கொண்டிருந்தது என்பது இதன் பொருள். ஒருபடித்தான சோற்றுணவே உண்ணும் ஏழை வீட்டில் இவ்விழப்பு நோயாக முடிந்தது. பருப்பும் காயும் பாலும் வாங்க முடிந்தவர் வீட்டில் அது தெரியவே இல்லை.

இதிலிருந்து எழுந்த கேள்வி அறிவியலுக்கு அப்பாற்பட்டது: அரசு என்ன செய்ய வேண்டும்? காந்தியடிகளும் 1934இல் தோன்றிய அனைத்திந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும் கைக்குத்தல் அரிசிக்குப் பரப்புரை செய்தனர். அது சத்தையும் காக்கும், குத்தும் பெண்களின் வேலையையும் காக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் ஆலை அரிசி மலிவானது, நெடுநாள் கெடாது, உரலடியில் நிற்கும் உழைப்பைக் குறைத்தது. வெள்ளை அரிசி உயர்ந்தது என்னும் மதிப்பும் அதற்குத் துணைநின்றது. மக்களின் வழக்கத்திற்கு மிகக் குறைந்த மாற்றத்தில் மிகுந்த பயன் தரக்கூடியது புழுக்குதலே என்பது ஆய்வின் முடிவுகளிலிருந்து தெரிந்தது. அதற்கும் ஒரு தடை இருந்தது: பச்சரிசிக்குப் பழகிய நாவுக்குப் புழுங்கல் அரிசியின் மணமும் நிறமும் பிடிப்பதில்லை.

1943இன் வங்காளப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில் அயக்ராய்டு உறுப்பினராக இருந்தார். பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநரானார்.

ஐதராபாத்திற்கு மாற்றம்

அயக்ராய்டுக்குப் பின் வி. என். பட்வர்தன் இயக்குநரானார். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் (1918–2019) இக்காலத்தில் குன்னூரில் சேர்ந்து, குழந்தைகளின் புரதக் குறைபாட்டு நோய்களை ஆராய்ந்தார். குளிர்ந்த மலையூர் விலங்குச் சோதனைகளுக்கு ஏற்றதாக இருந்தது. நோயுற்ற குழந்தைகளை நாள்தோறும் காணும் பெரிய கற்பித்தல் மருத்துவமனை அங்கு இல்லை. 1958இல் நிலையம் ஐதராபாத்தின் தார்நாக்கா பகுதிக்கு மாறியது. 1962இல் கோபாலன் அதன் இயக்குநரானார். 1974இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார்.

உப்பு

குன்னூர் மரபில் உப்பு முதலில் எதிரியாக வரவில்லை. மருந்தை ஏற்றிச் செல்லும் வண்டியாகவே வந்தது. குன்னூரில் பணியாற்றிய நோயியலாளர் வி. இராமலிங்கசுவாமி பின்னர் தில்லியிலிருந்து, இமாசலத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில் 1956 முதல் ஒரு பெரிய ஆய்வை நடத்தினார். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் மூன்றாவதற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. அயோடின் உப்பு சென்ற பகுதிகளில் கழலை நோய் குறைந்தது. 1962இல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஐதராபாத் நிறுவனம் பிற்காலத்தில் இரும்பும் அயோடினும் ஒருங்கே சேர்ந்த இருசத்து உப்பை உருவாக்கியது. இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் கொண்டுள்ள தமிழ்நாடு உப்புக் கழகம் இவ்வகை உப்பைத் தயாரித்துச் சத்துணவுத் திட்டத்திற்கு வழங்கியது. எல்லோரும், ஏழைகளும், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் பொருள் என்பதே உப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

அதே காரணத்தால் உப்பு இன்று ஐயத்திற்கு உள்ளாகியுள்ளது. மிகுந்த சோடியம் இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அதன்வழி பக்கவாதமும் இதயநோயும் பெருகுகின்றன. உலக சுகாதார அமைப்பு பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. இது 2,000 மில்லிகிராம் சோடியத்திற்குச் சமம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டிகளும் 5 கிராமையே மேல்வரம்பாகக் கூறுகின்றன. சென்னை நகரில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி உட்கொள்ளல் 8.5 கிராமாக இருந்தது.

மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி போன்ற தொழிற்சாலை உணவுகள் வழியே வருகிறது. எனவே அங்கே உற்பத்தியாளர்களை நோக்கியே முயற்சி அமைந்தது. பிரித்தானியா 2006 முதல் உணவு வகைதோறும் இலக்குகளை வகுத்துப் படிப்படியாகக் குறைக்கச் செய்தது, 2000–01இல் 9.5 கிராமாக இருந்த சராசரி 2011இல் 8.1 கிராமாயிற்று. குறைப்பு மெல்ல நிகழ்ந்தால் நாவு அதற்குப் பழகிவிடுகிறது. தமிழ்நாட்டில் நிலை வேறு. இங்கு உப்பின் பெரும்பகுதி குழம்பிலும் பொரியலிலும் வீட்டுக் கையால் இடப்படுகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியன அதனோடு சேர்கின்றன. இவற்றின் மேல் நொறுக்குத் தீனி, உடனடி நூடுல்சு, பிசுக்கட்டு ஆகியவற்றின் உப்பு புதிதாக ஏறிவருகிறது. ஆகவே ஆலைக்கு மட்டும் விதி வகுத்தால் போதாது. அடுக்களையை மட்டும் அறிவுறுத்தினாலும் போதாது. பொதிகளில் பெரும்பாலும் உப்பின் அளவுக்குப் பதிலாகச் சோடியத்தின் அளவே அச்சிடப்படுகிறது. அதனை ஏறத்தாழ இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

உப்பைக் குறைத்தால் அயோடின் குறையாதா என்னும் கேள்வியும் உண்டு. உட்கொள்ளும் உப்பு குறையும்போது அதில் சேர்க்கும் அயோடினின் அளவைக் கண்காணித்து உயர்த்தலாம் என்பதால் இரு திட்டங்களும் முரண்பட்டவை அல்ல என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. தொழிற்சாலைகளும் அயோடின் உப்பையே பயன்படுத்துவது இதற்கு இன்றியமையாதது.

சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த குறைசோடிய உப்பு மற்றொரு வழியாகும். சீனாவின் 600 சிற்றூர்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இதனைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளை உண்போருக்கும் இது தீங்காகலாம். சாதாரண உப்பைவிட விலை கூடுதல் என்பதால், மிகத் தேவைப்படும் ஏழை வீடுகளுக்கு இது எளிதில் எட்டுவதில்லை. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் நல வாழ்வு மையங்கள் வழியே மேற்கொண்டுள்ள உப்புக் குறைப்பு ஆய்வு பற்றி 2025இல் அறிவித்தது.